கப்பல் கார்டில் கடைசி இரண்டு நிமிஷம்

கட்டின புருஷனை ‘அவன்’ என்கிறாளே என்று யாருக்காவது வலித்தால், முழுக்கதையையும் கேட்டுவிட்டு வலிக்கட்டும். எனக்கு அவசரமில்லை.

என் புருஷன் பிரபின் உல்லாசக் கப்பலில் வேலை பார்க்கிறான். சரக்குக் கப்பல் இல்லை, எண்ணெய்க் கப்பலும் இல்லை. சனிக்கிழமை மயாமியில் கிளம்பி, நாலு தீவைச் சுற்றிக்காட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை மயாமிக்கே திரும்புகிற கப்பல். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்கு மூவாயிரம் பேர் ஆசையாக ஏறுகிறார்கள். உள்ளே நீச்சல்குளம் இருக்கிறது, நாடகக் கொட்டகை இருக்கிறது, ஐஸில் சறுக்கி விளையாட ஒரு இடம்கூட இருக்கிறதாம். பிரபின் இதில் எதையும் பார்ப்பதில்லை. அவன் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ரொட்டி சுடுகிறான். ஒன்பது மாசம் சுட்டால் இரண்டு மாசம் லீவு.

நான் கிழக்கே, வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரைக்காரி. பெயர் ஷிஜி. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை கப்பலில் என்று கேட்டதும் என் அப்பா வேறொன்றும் விசாரிக்கவில்லை. 2008 ஜனவரியில் கல்யாணம். மண்டைக்காட்டுக்கு மேற்கே இருக்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். நாற்பது நாள் என்கூட இருந்தான். பிறகு ஏறிப் போய்விட்டான். அதிலிருந்து எனக்குக் கிடைத்த புருஷன் பெரும்பாலும் போனில்தான்.

அதுவும் வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு. அங்கே அப்போது காலை ஒன்பதரை. காலைச் சாப்பாட்டு வேலை முடிந்து அவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கப்பல் நடுக்கடலில் இருக்கும். மேல்மாடிகளில் பயணிகள் பேரப்பிள்ளைகளோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்களாம். கீழே வேலைக்காரர்களுக்கு ஒரு நடைபாதையில் நாலு போன். அதன் முன்னால் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேஷியாக்காரர், கோவாக்காரர் எல்லாரும் கையில் கார்டோடு வரிசையில் நிற்பார்கள். கார்டைச் சுரண்டி நம்பர் அடித்தால் பேச்சு வானத்துக்குப் போய் இறங்கி வரும். ஒரு கார்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். அவன் கூப்பிடலாம். நான் கூப்பிட முடியாது. எனக்கு உயிர் போகிறது என்றாலும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிவரை போகாமல் வைத்திருக்கவேண்டும்.

வீட்டில் அந்த அழைப்பு வருவது என் மாமனார் சிலுவைதாசனின் சைனா போனுக்கு. பிரபின்தான் ஒரு லீவில் வாங்கிக் கொடுத்தான். நாலு ஸ்பீக்கர் வைத்த போன். முன்னறையில் முக்காலி போட்டு, அதன்மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வீடே சுற்றி உட்காரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றே கேட்டுக்கொள்வார்கள். முதலில் அவனைப் பெற்றவள், என் மாமி குளோரி.

“மக்கா, சொகமா இருக்கியா? என்னத்தத் தின்ன? மெலிஞ்சிட்டியா மக்கா?”

மெலிந்தது போனில் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. மாமிக்குப் பன்னிரண்டு நிமிஷம். பிறகு மாமனார். நாற்பது வருஷம் கடலில் கிடந்தவர். ஒவ்வொரு வாரமும் கேட்பது ஒரே கேள்வி.

“கடலு எப்படிலே கெடக்கு?”

“தெரியல்லப்பா. எனக்கு சன்னல் கெடையாது.”

அதற்குப் பிறகு தங்கச்சி பெபிஷா. நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். அவளுக்கு லேப்டாப் வேண்டும், வாட்ச் வேண்டும், எல்லாம் கிடைக்கும். கார்டில் கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது மாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். நான் முக்காலிக்குப் பக்கத்தில் குனிவேன். இத்தனை பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, “சாப்பிட்டீங்களா?” என்பேன். “ம், நீ?” என்பான். அதற்குள் ஒரு இங்கிலீஷ்காரி உள்ளே புகுந்து, இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்பாள். பலநாள் அந்த இங்கிலீஷ்காரி என்னைவிட அதிகம் பேசியிருக்கிறாள்.

என்னிடமும் ஒரு போன் இருந்தது. கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தது. அதற்குக் கூப்பிடச் சொல்லி முதல் லீவிலேயே கேட்டேன்.

“அம்மைக்கு வெசனம் ஆவும் ஷிஜி. ஒரு கார்டுதான வாங்க முடியும்.”

ஆசைப்பட்டதை ஒருமுறை கேட்டு, இல்லை என்றால் வாயை மூடிக்கொள்ளும் பெண்ணாகத்தான் என்னை வளர்த்திருந்தார்கள். மூடிக்கொண்டேன்.

மூன்றரை வருஷம் ஓடியது. அதில் நாங்கள் சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினால் ஏழு மாசம் வரும். மாமிக்கு அந்தக் கணக்கு வேண்டாம். மூன்றரை வருஷம் ஆயிற்று, குழந்தை எங்கே என்பதுதான் அவளுக்குக் கணக்கு. அதையும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், என்னை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு.

“எதுத்த வீட்டுக்காரிக்கு ரெண்டாவதும் ஆயாச்சு மக்கா. இஞ்ச ஒண்ணையும் காணல்ல. ஒன்னும் பிடிக்காத வயிறு போல.”

“சரியாவும்மா. நேர்ச்ச வைங்க.”

இவ்வளவுதான் அவன் சொல்வான். ‘அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை வராதா என்று நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

2011 மே மாசம் ஒருநாள், பாங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். கிழக்கேயிருந்து என் அம்மா வந்தாள். ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இன்னும் என்னென்னவோ செய்தார்கள். இரண்டு தடவை அலைந்தபிறகு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“உங்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. இனி உன் வீட்டுக்காரர் ரிசல்ட்தான் வேணும். அவரு டெஸ்ட் எடுத்திருக்காரா?”

அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்று உறைத்தது. எனக்குக் குறை இல்லை என்று வீட்டில் சொன்னால், அடுத்த கேள்வி அவனைப் பற்றி. தாயும் தங்கச்சியும் வாசலில் நிற்கிறவர்களும் கேட்க, நடுக்கடலில் இருக்கிறவனை அப்படி நிறுத்தக்கூடாது. அவனிடம்தான் முதலில் சொல்லவேண்டும், தனியாகச் சொல்லவேண்டும். புருஷன் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதை அவ்வளவு பத்திரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் முறை வந்ததும் போனைக் கையில் எடுத்தேன்.

“மாமி, ஒரு நிமிஷம் நான் அந்தப் பக்கம் போய்ப் பேசிட்டு வாறேன்.”

“என்னத்துக்குட்டி? எங்களுக்குத் தெரியாம அவன்ட்ட என்ன ரகசியம்?”

“ரகசியம் ஒண்ணும் இல்ல மாமி.”

“அப்பம் இஞ்ச இருந்து பேசு.”

நான் மறுபடி முக்காலியில் வைத்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவனும் ம் என்றான்.

பிறகுதான் மெயில் ஞாபகம் வந்தது. வேலைக்கு மனுப்போடும்போது அவன் ஒரு மெயில் ஐடி தொடங்கியிருந்தான். கப்பலில் வேலைக்காரர்களுக்கு ஒரு இன்டர்நெட் அறை உண்டு, அதற்கும் கார்டு உண்டு, ஆமை வேகத்தில் திறக்கும் என்று லீவில் சொல்லியிருக்கிறான். நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் அடைத்த கூண்டு. பக்கத்துக் கூண்டில் யாரோ பஸ் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். முக்கால் மணிநேரம் ஆனது. எழுதினது இவ்வளவுதான்:

‘டாக்டரைப் பார்த்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். உங்கள் ரிசல்ட்டும் வேண்டுமாம். அடுத்த லீவில் இரண்டு பேருமாகப் போகலாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உங்களுக்கு ஒன்றும் இருக்காது. அப்படியே ஏதாவது இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நான் உங்கள் கூடத்தான் இருப்பேன்.’

கடைசி வரியை அடிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அவனுக்கு நான் எழுதின முதல் காதல் கடிதம் அதுதான் என்று தோன்றியது.

பதில் வரவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், இல்லை. அதற்கடுத்த வாரமும் போனேன். பாங்கில் எனக்கு என்ன இவ்வளவு வேலை என்று மாமி கேட்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் போனிலும் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் வாரம் ஒரு வரி வந்திருந்தது. ‘மெயில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.’

அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்கவேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தாயிடம் சொல்லுவான்: ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஷிஜியிடம் கொடுங்கள் என்று. அல்லது என் போனுக்கே கூப்பிடுவான். சாயங்காலம் குளித்து, தலைவாரி, என் போனைச் சார்ஜ் போட்டு வைத்தேன். பெபிஷா கேலி செய்தாள்.

“என்ன மைனி, அண்ணன் போனுக்குள்ளேருந்து இறங்கி வரப்போறானா?”

நானும் சிரித்தேன்.

ஏழு மணிக்குச் சைனா போன்தான் அடித்தது. மாமி வழக்கம்போல ஆரம்பிக்கப் போனாள். அவன் குறுக்கிட்டான்.

“எம்மா, ஒரு விஷயம் சொல்லணும். ஷிஜி நாகர்கோவில்ல டாக்டரப் பாத்திருக்கா. எனக்கு மெயில் போட்டிருந்தா.”

மாமி என் பக்கம் திரும்பினாள்.

“அவளுக்குத்தான் கொஞ்சம் கொறை இருக்காம். மருந்து தின்னா சரியாவும்னு சொல்லிருக்காவ. நீங்க அவள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. பாவம்.”

மூன்றரை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கடைசியில் சொல்லிவிட்டான். குனிந்து கத்தினேன்.

“நான் அப்படியா எழுதினேன்? என்ன எழுதினேன்னு சொல்லுங்க!”

பேச்சு மேலே போய் இறங்கி வர எப்போதும் இரண்டு விநாடி ஆகும். இரண்டு விநாடி ஆயிற்று, நாலு ஆயிற்று, பிறகு லைன் விட்டுப்போன சத்தம். இங்கிலீஷ்காரி அன்றைக்கு வரவில்லை. கார்டு தீரவில்லை, அவன் வைத்துவிட்டான்.

மாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

“ஏன் பிள்ளே எங்கிட்ட மறச்ச? நான் என்ன கொன்னா போடுவேன்?”

“பொய் மாமி. அவரு சொன்னது முழுக்கப் பொய்.”

“சரி, சரி. அழாத.”

உள்ளே ஓடிப்போய்ப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தேன். மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. பெபிஷாவின் கையில் கொடுத்தேன்.

“வாசி. உங்க அம்மைக்கு வாசிச்சுச் சொல்லு.”

பெபிஷா முதல் தாளைப் பார்த்தாள், இரண்டாம் தாளைப் பார்த்தாள். கடைசித் தாளில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்த இடத்தில், அவள் கண் நின்றதை நான் பார்த்தேன். தாள்களை வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தாள்.

“எனக்கு இதொண்ணும் வெளங்கல்ல மைனி.”

நர்சிங் இரண்டாம் வருஷம். மாமனார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க என்னை எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். மாமி மீன் நடுத்துண்டத்தை என் தட்டில் வைத்தாள். எதிர்வீட்டுக்காரி ஒரு குப்பியில் மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்தாள். ஒரு வயசான பாட்டா யாருக்கோ பலித்த லேகியத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதை ஒருவர்கூட நம்பவில்லை. புருஷனே சொல்லிவிட்டான், அதுவும் கப்பலிலிருந்து.

எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், அன்றைய பூசை யாருக்காக, யார் வைக்கிறார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள். கோபுரத்தில் நாலு ஹாரன் கட்டியிருக்கிறது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவனுக்கும் தெளிவாகக் கேட்கும். வாசிக்கிறவர் ஏசுஅடிமை, கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை. சாமியார் உடுப்பு மாற்றி வெளியே வருமுன், நோட்டில் உள்ளதை உள்ளபடி வாசித்து முடித்துவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்:

“கப்பலில் வேலை செய்யும் பிரபினின் மனைவி ஷிஜியின் கர்ப்பக் குறைபாடு நீங்கி, குழந்தை வரம் கிடைக்க, மாமியார் குளோரி.”

பெண்கள் பக்கத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மாமி எனக்கு நல்லது செய்த பூரிப்பில் முட்டுப்போட்டிருந்தாள். என் பெயரையும் வயிற்றையும் ஊரின் கடைசி வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, எப்படி உருகி ஜெபித்தாள் என்கிறீர்கள்! எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஊரில் ஒன்றை நம்பவைக்கவேண்டும் என்றால் எங்கே சொல்லவேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் என் முறை வருமுன்னே அவன் போனை வைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு ஏசுஅடிமையிடம் போனேன்.

“பாட்டா, வாற ஞாயிற்றுக்கிழம ஒரு பூச எழுதணும்.”

“மாமி எழுதியாச்சே மோளே.”

“அது மாமிக்கு. இது எனக்கு.”

நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். கண் மங்கல், பெரிசாக எழுது என்றார். பெரிசாகவே எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு ஹாரனும் சொல்லிற்று:

“கப்பலில் வேலை செய்யும் பிரபின் மருத்துவப் பரிசோதனைக்கு மனம் இணங்கவும், அவருடைய உடற்குறை நீங்கவும், பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லாத மனைவி ஷிஜி.”

ஏசுஅடிமை வாசித்து முடித்தபிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்று நோட்டை மறுபடி பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள், யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மாமி கையிலிருந்த ஜெபமாலை அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு பூசையை முழுசாக, நிமிர்ந்து நின்று கண்டேன்.

வீட்டில் உலை வைக்கவில்லை. மாமி உள்ளறையில் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டாள். மாமனார் கோயிலிலிருந்து நேராக எங்கேயோ போய்விட்டார். கப்பலுக்குச் செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அதே கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிற பக்கத்துத் தெரு சத்தியராஜ், அந்நேரம் பார்த்து வீட்டுக்குப் பேசியிருக்கிறான்; அவன் காதில் ஹாரனே நேராக விழுந்ததாம். நான் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தது அங்கே சனிக்கிழமை இரவே பிரபினுக்குத் தெரிந்துவிட்டது. உலகம் அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

சாயங்காலம் ஏழு மணி. பழக்கத்தில் மாமி எழுந்துவந்து முக்காலிப் பக்கம் உட்கார்ந்தாள். சைனா போன் அடிக்கவில்லை. அடுக்களையில் என் போன் அடித்தது. நீளமான, அறியாத நம்பர். எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் நின்றேன். இந்தத் தடவை யாரும் பின்னால் வரவில்லை.

“நீ மனுஷியாட்டி?”

கல்யாணமாகி மூன்றரை வருஷத்தில், தனியாக என்னிடம் போனில் அவன் பேசின முதல் வார்த்தை.

“சத்தியராஜு மெஸ்ஸுல வச்சுக் கேக்கான், ‘எலே, உனக்குப் பூச வச்சாவளாமே’ன்னு. கோவாக்காரனுக்கு இங்கிலீஷுல சொல்லிக் குடுக்கான். மாவு பெசையுகவன்கூட என்னப் பாத்துச் சிரிக்கான். தூக்குல தொங்கணும் போல இருக்கு எனக்கு. குடும்பத்துல பிறந்தவ செய்யுக காரியமாட்டி இது?”

பேசட்டும் என்று விட்டேன். போனைக் காதிலிருந்து எடுத்து நேரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம். மாமிக்குக் கிடைப்பதில் ஒரு நிமிஷம்தான் குறைவு.

“பேசி முடிஞ்சுதா?” என்றேன். “ஒரு டெஸ்ட்தான. எடுத்திட்டா பேச்சே இல்லியே.”

பதில் வர இரண்டு விநாடி ஆகும் என்று காத்திருந்தேன். அதற்கும் மேலே ஆயிற்று.

“எடுத்தாச்சு.”

“என்னது?”

“போன லீவுல. கப்பல் மெடிக்கலுக்குத் திருவனந்தபுரம் போனேம்லா, அன்னைக்கு.”

“என்ன சொன்னாவ?”

“உயிரணு இல்லியாம். மருந்துக்கும் சரியாவாதாம்.”

சொல்லிவிட்டு அழுதான். ஆண்பிள்ளை அழுவதை முதல்முறையாகக் கேட்கிறேன், எனக்கும் ஒரு நொடி நெஞ்சு இளகிற்று. நான் உங்கள் கூடத்தான் இருப்பேன் என்று எழுதினது பொய்யில்லை. ஆனால் அந்த நொடிக்குப் பின்னாலேயே மற்றது வந்தது. போன லீவு என்றால் நவம்பர். இது ஜூலை. அவன் அறிந்தபிறகு முப்பத்துச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் தாய் என் வயிற்றைப் பேச, அவன் அங்கே கார்டு போட்டு நின்று கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, நேர்ச்சை வையுங்கள் என்றிருக்கிறான்.

“ஷிஜி, கேளு. நான் உன்ன விட்டுர மாட்டேன். அது சத்தியம்.”

யார் யாரை விடுவது! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“வாற ஞாயிற்றுக்கிழம அம்மைக்க முன்னால, தெரியாம கோவத்துல எழுதிட்டேன்னு மட்டும் சொல்லிரு. நீ வீட்டுக்குள்ள இருக்கப்பட்டவ. உனக்கு என்ன போச்சு? நான் ஆம்பிளையளுக்க நடுவுல கெடக்கேன்.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“பேசு ஷிஜி. இன்னைக்கு மூணு கார்டு வாங்கிட்டு வந்திருக்கேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசு.”

பேசுவதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? இரண்டாம் வருஷம் மழையில் எங்கள் அறைச்சுவர் ஊறினதிலிருந்து, எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கு எழுத வேலை வந்து மாமி விடாததுவரை, ராத்திரி கடல் இரைச்சலில் தூக்கம் வராமல் அவன் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு படுத்ததுவரை, சொல்லவேண்டும் சொல்லவேண்டும் என்று சேர்த்து வைத்தவை. கிணற்றடியில் நின்று ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன். இந்த மனுஷனிடம் சொல்லும்படி ஒன்றுகூட இல்லை.

“எங்கிட்ட சொன்னத அம்மைட்ட சொல்லுங்க. இப்பமே.”

“ஷிஜி, வேண்டாம். ஷிஜி…”

முன்னறைக்குப் போய்ப் போனை மாமியிடம் நீட்டினேன். அவள் ஸ்பீக்கர் பட்டனைத் தேடினாள்.

“வேண்டாம் மாமி. காதுல வையுங்க. நீங்க மட்டும் கேட்டா போதும்.”

வைத்தாள். எதிரே சுவரில் சாய்ந்து நின்று அவள் முகத்தையே பார்த்தேன். அவன் சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தேன். சொன்னான். மாமி கையால் முக்காலியைப் பிடித்தாள். “என் மக்கா, என் மக்கா” என்றாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள், ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம், என் கையைப் பிடித்தால் போதும் என்று இருந்தது. பிடித்திருந்தால் அங்கேயே இருந்துவிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“யாரும் அறியாண்டாம் மக்கா. சத்தியராஜுகிட்ட அவளுக்குக் கிறுக்குன்னு சொல்லு. அது அவ பேர்லயே கெடக்கட்டு. பொம்பளைக்கு இதுல என்ன நாணக்கேடு?”

பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

“இந்தா பிள்ளே, உன்கிட்ட பேசணுமாம். கார்டு இன்னும் நெறைய இருக்காம்.”

வாங்கி, முக்காலியில் வைத்தேன். உள்ளே போய் ரிப்போர்ட்டையும் நாலு சேலையையும் சர்ட்டிபிகேட்டுகளையும் ஒரு பையில் போட்டேன். நாகர்கோவிலுக்கு எட்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. மாமி, நான் செருப்புப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். போனை யாரும் எடுக்கவில்லை. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.